தனியாகப் போக வேண்டிய ஒயர்

வளையல்களைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியின் காம்பில் மாட்டிவிட்டுத்தான் சுமலதா காரின் பானெட்டுக்குள் குனிகிறாள். கைக்கு நான்காக எட்டு வளையல்கள். சாலையில் லாரி ஒன்று வேகமாகக் கடந்தால் காம்போடு சேர்ந்து கிலுகிலுக்கும். தாலிச் சரடை முதுகுப் பக்கம் தள்ளிச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறாள். சுடிதாருக்கு மேல் போட்டிருக்கும் சாம்பல் நிறச் சட்டை கணவன் ஆஞ்சப்பனின் பழைய கம்பெனிச் சட்டை. பையின் மேல் அவன் பெயர் நூலில் இருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொள்கிறாள். வலது கையின் மூன்று விரல்கள், வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்ப்பதுபோல், ஒயர்க் கட்டை அழுத்தி அழுத்திக்கொண்டே நகர்கின்றன. ஓரிடத்தில் நிற்கின்றன.

"இங்க யாரோ கைய வெச்சிருக்காங்க" என்கிறாள்.

அந்த இடத்து டேப்பைப் பிரித்தால், கத்தரித்து முறுக்கி ஒட்டுப்போட்ட ஒயர் ஒன்று உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும். சுற்றி நிற்கும் மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் பார்க்க மாட்டாள். டேப் சுருளை வளையல் இருந்த மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருப்பாள்.

பதினோரு வருடம், கார் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துத் தரும் ஒயர் ஹார்னஸ் கம்பெனியில் நின்ற கால்கள் அவளுடையவை. மத்திகிரியில் பால்காரர் எழுந்திருக்கும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். கதவளவு பலகை, அதன் மேல் ஒட்டிய படம், படத்தின் கோடுகளின் மேல் வரிசையாக முளைகள். முளைகளுக்கிடையே நூற்றுக்கும் மேலான ஒயர்களை நிறம் பார்த்துப் போட்டு, கட்டி, பாதிக்குப் பாதி ஏறி வரும்படி டேப் சுற்ற வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு பேர். வலப்பக்கம் சுமலதா, இடப்பக்கம் பாப்பம்மா. இரண்டு முனையிலிருந்தும் சுற்றிக்கொண்டு வந்து நடுவில் கை முட்டினால் ஒரு கார் முடிந்தது. பாப்பம்மா இப்போது இல்லை. எந்த ஷெட்டில் எந்தக் காருக்குக் குனிந்தாலும் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் சுமலதா நிற்கிறாள். தெரியாமல் யாராவது அங்கே வந்து நின்றுவிட்டால், "அண்ணா, இந்தப் பக்கமா வாங்க" என்பாள். காரணம் சொல்வதில்லை.

கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது சுமலதா போகவில்லை. கையில் வந்ததைக் கொண்டு, காரின் கோளாறைத் திரையில் காட்டும் ஒரு ஸ்கேனரும் ஒரு நல்ல மீட்டரும் வாங்கிக்கொண்டு, கார் ஒயர்க் கோளாறு பார்க்கிறேன் என்று ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கினாள். முதல் ஆறு மாதம் டீ மட்டும்தான் கிடைத்தது. இப்போது பாகலூர் சாலையிலிருந்து தேன்கனிக்கோட்டை வரை எட்டு ஷெட்களில் அவள் 'ஒயரக்கா'. அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர்களும் அக்கா என்கிறார்கள். அவளும் பதிலுக்கு அவர்களை அண்ணா என்கிறாள். யாருக்கும் இதில் கணக்கு இடிப்பதில்லை. ஒரு ஷெட்டில் தெலுங்கு பேசுவாள், அடுத்ததில் கன்னடம். திட்டுவது மட்டும் தமிழில். எண்ணுவது எப்போதும் கன்னடத்தில். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த சூப்பர்வைசர் அத்திப்பள்ளிக்காரர். ஒந்து, எரடு, மூரு என்று உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே ஒயர்களைப் பிரிப்பாள்.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். தனியாகத் தொங்கும் ஒயர். கம்பெனியில் கட்டுக்கு வெளியே ஒரு ஒயர் தலைநீட்டினால் அந்த முழுப் பலகையும் கழித்துக்கட்டப்படும். "ஒத்தையில தொங்கற ஒயரப் பாத்தா எனக்கு சோறு எறங்காது" என்பாள். வீட்டில் டிவி, மிக்ஸி, டேபிள் ஃபேன், போன் சார்ஜர் எல்லாவற்றின் ஒயர்களையும் சேர்த்து ஒரே தண்டாகச் சுற்றிவைத்திருக்கிறாள். பார்க்க மலைப்பாம்பு போல வழவழவென்று அழகாக இருக்கும். ஆஞ்சப்பன் நைட் ஷிப்ட் முடித்து வந்து ஃபேனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்த நினைத்தால் மிக்ஸியும் கூடவே கிளம்பி வரும். அவன் இப்போதெல்லாம் கட்டிலைத்தான் நகர்த்துகிறான்.

எட்டு ஷெட்களிலும் அவளிடம் எதிர்பார்ப்பது ஒரு சொல். கார் ஓடவில்லை, எங்கே கோளாறு என்று தெரியவில்லை; எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா? சுமலதா வந்து பார்த்து "ஒயரு சரிதான்" என்றால் பிரிப்பார்கள். "இருங்க" என்றால் ஸ்பேனரைக் கீழே வைப்பார்கள். அந்தச் சொல் ஒருமுறையும் பிசகியதில்லை. அவள் கட்டிய ஒயர் திரும்பி வந்ததில்லை. போன ஆவணி வரைக்கும்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தாண்டி இருக்கும் கமலக்கண்ணனின் ஷெட்டிலிருந்து போன் வந்தது. மாதேஸ்வரி டீச்சரின் வெள்ளைக் கார். கர்நாடக நம்பர், இரண்டாம் கையாக வாங்கியது. டீச்சருக்கு அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் வேலை, குடியிருப்பது தேன்கனிக்கோட்டையில். பஸ்ஸை நம்பினால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். அதனால் இன்னும் இரண்டு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு தினமும் காரில்தான் போய்வருகிறார்கள். அந்தக் காரைச் சுமலதாவுக்கு நன்றாகத் தெரியும். கோடை விடுமுறையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு மாதம் நின்ற காரின் ஒயர்களை எலி ருசி பார்த்துவிட்டது. ஒரு நாள் முழுக்க நின்று அத்தனையையும் புதிதாகக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். கமலக்கண்ணன் அதைப் போட்டோ எடுத்து மற்ற ஷெட்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்.

பள்ளி திறந்ததிலிருந்து காருக்கு ஒரு வியாதி. காலையில் மலை இறங்கும்போது ஒன்றும் இல்லை. மாலையில் திரும்பி ஏறும்போதுதான். மூன்றாவது வளைவில் எஞ்சின் தளர்ந்து, மஞ்சள் விளக்கு எரிந்து, கார் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும். அந்த வளைவு யானை கடக்கும் இடம்.

டீச்சர் அன்று ஷெட்டுக்கு வந்திருந்தார். முந்தின புதன்கிழமை நடந்ததைப் பெரிய திருவிழாவுக்குப் போய்வந்தவர்போலச் சொன்னார். கார் உறுமிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்க, நாற்பது அடி தூரத்தில் மூங்கில் புதருக்குள்ளிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வந்து சாலையைக் கடந்தனவாம். "ஹிஸ்டரி டீச்சர் கண்ண மூடிட்டு மந்திரம் சொல்லிட்டே இருந்தாங்க. நான் மேத்ஸுங்களா, எண்ணிட்டே இருந்தேன். ஏழு பெருசு, ஒரு குட்டி." சிரித்துவிட்டு, அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வு தொடங்குகிறது என்றும், கார் இல்லாவிட்டால் மூன்று பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றும் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

ஸ்கேனர் காட்டிய குற்றவாளி நாக் சென்சார். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே எரிந்தால், உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஓர் அதிர்வு கிளம்பும். அதைக் கேட்பதற்காக எஞ்சினின் உடம்பில் ஒரே ஒரு போல்ட்டால் பொருத்திய சிறிய காதுதான் அந்த சென்சார். தட்டல் கேட்டதும் ஓர் ஒயர் வழியே காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பயந்துபோய்த் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். எஞ்சின் பிழைக்கும்; இழுவை குறையும். கமலக்கண்ணன் அந்தச் சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டார். இரண்டாவது, பெங்களூரிலிருந்து வரவழைத்தது. பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். மிச்சம் இருப்பது எஞ்சின்.

"திங்கக்கெழம எஞ்சின எறக்கிடறேன். மூணு வாரம் ஆவும். ஒயரு எப்டியும் உன்னுது, சரியாத்தான் இருக்கும். ஒரு பேச்சுக்குப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லிடு" என்றார் கமலக்கண்ணன்.

சுமலதா வளையலைக் கழற்றினாள். கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை. தன் கையையே தடவுவதுபோல இருந்தது. சென்சாரைக் கழற்றி மீட்டர் வைத்தாள். புதுச் சென்சார் என்ன காட்ட வேண்டுமோ அதைக் காட்டியது. ஒயரை இரு முனையும் பிடித்துப் பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை, எதிலும் உரசவில்லை. சென்சாரைப் பழையபடி பொருத்தி, பக்கத்தில் எஞ்சினை ஸ்பேனரால் லேசாகத் தட்டினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் மீட்டரில் எண் துள்ளியது. காது கேட்கிறது. ஒயர் சொல்கிறது. கமலக்கண்ணன், "அதான் சொன்னேனே" என்று கையைத் துடைத்துக்கொண்டு எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனார்.

"ஒயரு சரிதான்" என்று சொல்லிவிட்டு அவளும் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் காரில்தானே எல்லாம் சரியாக இருக்கிறது, ஏறும் காரில் இல்லையே என்று ஒரு குறுகுறுப்பு. சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, ஒயர் முனையை அந்தரத்தில் விட்டாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அந்த ஒயர் நுழையும் இடத்தில் பின்பக்கமாக ஊசி செருகி மீட்டரை மாட்டினாள். டீச்சரை உள்ளே உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னாள்.

"மிதிங்க டீச்சர். இன்னும் கொஞ்சம். இன்னும்."

எஞ்சின் இரைய இரைய மீட்டரில் எண் ஏறியது. டீச்சர் காலை எடுத்தார், எண் இறங்கியது. சுமலதா அந்தரத்தில் விட்ட பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. அந்த முனையில் காதே இல்லை. இந்த முனையில் தட்டல் கேட்கிறது.

மறுபடி மிதிக்கச் சொன்னாள். மறுபடி ஏறியது.

அப்புறம் பிளேடை எடுத்து, தான் சுற்றிய டேப்பைத் தானே கீறினாள். உள்ளே ஒயர்கள் தலைவாரிப் பின்னியதுபோல ஒழுங்காக இருந்தன. நாக் சென்சாரின் ஒயர், தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் இக்னிஷன் காயில் ஒயர்கள் நான்கோடும் ஒட்டிப் படுத்திருந்தது. எலி கடித்த இடத்தில் அதன் மேலிருந்த மெல்லிய கம்பிவலை உறை ஒன்றரை அங்குலத்துக்கு இல்லை. அங்கே டேப் சுற்றினால் போதும் என்று நினைத்தவளும் அவள்தான். அந்தக் காயில் ஒயர்களில் ஓடும் மின் இரைச்சல் அந்த ஒன்றரை அங்குலத்தில் இதற்குள் கசிந்திருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போது இரைச்சல் கூடியிருக்கிறது. கம்ப்யூட்டர் பாவம், தட்டலென்று நம்பியிருக்கிறது.

நிமிர்ந்து எஞ்சினின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே இரும்புச் சட்டத்தில் மூன்று பிளாஸ்டிக் கிளிப்கள் எதையும் பிடிக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. மே மாதமே பார்த்திருக்கிறாள். ஏதோ உபரிக் கிளிப் என்று விட்டுவிட்டாள். எலி குதறியதில் அந்த ஒயர் மட்டும் தனியாக அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ பாவமென்று அதையும் இழுத்துக் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். இந்த எஞ்சினுக்குப் படம் வரைந்த யாரோ ஒருவர், இது தனியாகப் போக வேண்டிய ஒயர் என்று தெரிந்தே அதற்கென்று வேறு பாதை போட்டிருக்கிறார். பதினோரு வருடமும் படத்தின் மேலேயே கை வைத்து வேலை செய்தவள், படம் இல்லாமல் செய்த வேலை இது.

டீக்கடையில் கமலக்கண்ணனோடு பக்கத்து ஷெட் மெக்கானிக்குகள் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டது. ஒயரை உருவி அந்தக் கிளிப்களில் போட ஐந்து நிமிடம். கனெக்டர் லூஸாக இருந்தது என்றால் நம்புவார்கள். எலி என்றால் இன்னும் நன்றாகவே நம்புவார்கள். எலி வந்து மறுக்கப்போவதில்லை. அவளுடைய சொல்லுக்கு ஒரு கீறலும் விழாது. இன்று ஒரு முறை தன் வேலையே தப்பு என்று அவள் வாயால் சொல்லிவிட்டால், நாளை எந்த ஷெட்டில் அவள் பேச்சைக் கேட்டு ஸ்பேனரைக் கீழே வைப்பார்கள்?

"என்னாச்சுங்க?" என்று டீச்சர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

சுமலதா உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். இதே எஞ்சின், இதே எலி, இதே மாதிரி அழகாகச் சேர்த்துக் கட்டியது. ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது. இந்தக் காரைத் தவிர இன்னும் ஐந்து கார்கள். எலி மேல் பழியைப் போட்டுவிட்டால், அந்த ஐந்தையும் எந்த முகத்தோடு திறக்கச் சொல்வது?

டீக்கடையைப் பார்த்துத் திரும்பி, சாலையில் போன டிராக்டரையும் மீறிக் கேட்கும்படி சொன்னாள்: "கமலண்ணா, எஞ்சின எறக்காதீங்க. தப்பு என்னுது."

சிரிப்பு நின்றது. மூன்று பேரும் டம்ளரோடு சாலையைக் கடந்து வந்தார்கள். சுமலதா முதலிலிருந்து சொன்னாள். யாரையும் பார்க்காமல், ஒயரைப் பார்த்துச் சொன்னாள். கமலக்கண்ணன் டம்ளரை எஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, அந்தரத்தில் தொங்கிய பிளக்கைத் தானே பிடித்துக்கொண்டார். டீச்சர் மிதித்தார். எண் ஏறியதை அவர் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். மறுபடி மிதிக்கச் சொன்னார். பக்கத்து ஷெட்காரர்களும் ஆளுக்கொரு தரம் பிளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள், கோயிலில் மணியடிக்க வரிசையில் நிற்பவர்கள்போல.

"ஏழு வருசமா காத்துகினு இருந்தேன், அக்கா" என்றார் கமலக்கண்ணன் கடைசியில். "என்னிக்காவது ஒரு நாளு நீயும் தப்பு பண்ணுவேன்னு. இன்னிக்கி என் செலவுல எல்லாருக்கும் வட."

பக்கத்து ஷெட்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கமலக்கண்ணனுக்கு உடனே வேறொன்று ஞாபகம் வந்தது. முகம் வாடியது. "அந்தப் பெட்ரோல் பங்க்காரன்கிட்ட என்னான்னு சொல்லுவேன்? வாய்க்கு வந்தபடி பேசிட்டனே. நீயும் கூட வரணும், ஆமா."

வருகிறேன் என்றாள் சுமலதா.

வடை வந்து தீர்ந்தபின்தான், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கமலக்கண்ணன் கேட்டார். "கோவிச்சுக்காத. ஒயரு சரின்னு மே மாசம் கட்டிக் குடுத்துச் சொன்னதும் நீதான். இப்ப ஒயருதான்னு சொல்றதும் நீதான். எத்த நான் நம்பறது?"

அவள் பயந்த கேள்வி அதுதான். இத்தனை சீக்கிரம், இத்தனை மெதுவான குரலில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"எதையும் நம்பாதீங்க. மலையில ஏத்திப் பாத்துட்டு நம்புங்க" என்றாள்.

முழு நீளத்துக்கும் கம்பிவலை உறை போட்ட புது ஒயரை அந்த மூன்று கிளிப்கள் வழியாகவே கொண்டுபோனாள். கடைசிக் கிளிப் 'டிக்'கென்று கவ்வியபோது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. வழவழவென்ற கட்டுக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு ஒயர் தன் பாட்டுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க நன்றாகவே இல்லை. இரண்டு முறை அதைத் தொட்டு நேராக்கினாள். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மலை இறங்கினார்கள். கமலக்கண்ணன் ஓட்டினார், பக்கத்தில் சுமலதா, மடியில் ஸ்கேனர், பின்னால் டீச்சர். அஞ்செட்டிக்கு இந்தப் பக்கமே காரைத் திருப்பி ஏறத் தொடங்கினார்கள். ஸ்கேனரின் திரையில், கம்ப்யூட்டர் தீப்பொறியை எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்று காட்டும் எண் பூச்சியத்திலேயே நின்றது. முதல் வளைவு. பூச்சியம். இரண்டாவது வளைவில் ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "மூணு" என்றார் டீச்சர் பின்னாலிருந்து, வகுப்பில் சொல்வதுபோல. கமலக்கண்ணன் வேண்டுமென்றே கியரைக் குறைக்காமல் அழுத்தி மிதித்தார். மூங்கில் புதர், சாலையில் உலர்ந்து கிடந்த யானைச் சாணம், கறுப்பு மஞ்சள் கோடு போட்ட வளைவுச் சுவர் எல்லாம் வந்த வேகத்தில் பின்னால் போயின. மஞ்சள் விளக்கு எரியவில்லை. எஞ்சின் நல்ல பசியோடு இருக்கிற எருமைபோல் ஏற்றத்தைத் தின்றுகொண்டே போனது.

மேலே சமவெளிக்கு வந்ததும் கமலக்கண்ணன் காரை ஓரங்கட்டினார். கீழே போய் மறுபடி ஒருமுறை ஏறி வந்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை. மூன்றாம் முறை டீச்சருக்கே அலுத்துவிட்டது. "இவ்ளோ நல்லா ஓடுதே, இன்னிக்குப் பாத்து ஒரு யானை கூட வரல பாருங்க" என்றார்.

"திங்கக்கெழம வேற வண்டி எஞ்சின எறக்கிக்கறேன்" என்றார் கமலக்கண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

செய்தி எட்டு ஷெட்களுக்கும் அவர்கள் மத்திகிரி திரும்பும் முன்பே போய்விட்டது. ஒயரக்கா கட்டினால் சொந்தபந்தம் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்துப் பூட்டிவிடுவாள் என்று ஒருவர் சொன்னாராம். ஃபேனையும் மிக்ஸியையும் பிரித்து வைக்கச் சொல்லி இன்னொருவர் ஆஞ்சப்பனுக்குப் போன் செய்தாராம். ஆஞ்சப்பன், அது நடக்கிற காரியமா என்று கேட்டானாம். பாகலூர் சாலை ஷெட்காரர் ஒரு மாதம் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டபோதும், "நெஜமா சரிதானே?" என்று இரண்டு முறை கேட்டார். இப்போதெல்லாம் சுமலதா "ஒயரு சரிதான்" என்று சொல்வதில்லை. மீட்டரை எதிராளியின் கையில் கொடுத்து, "நீங்களே பாத்து எனக்குச் சொல்லுங்க" என்கிறாள். வேலைக்கு முன்னைவிட அரை மணி நேரம் அதிகமாகிறது. அந்த அரை மணியில் மெக்கானிக்குகள் அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிலது அவளுக்கே தெரியாத கேள்விகள். போனில் படம் தேடிப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறாள்.

பங்க்காரரிடம் கமலக்கண்ணனோடு போய் நின்றாள். அவர் நடந்ததைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தன் காரின் வைப்பர் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை, அதைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அதோடு சண்டை தீர்ந்தது.

ஐந்து கார்களில் இரண்டு ஓசூருக்குள்ளேயே இருந்தன. ஒன்று ராயக்கோட்டைச் சாலையில் ரோஜாப் பண்ணைக்காரருடையது. நான்காவதைத் தேடிக் காவேரிப்பட்டினம் வரைக்கும் பஸ்ஸில் போனாள். அதன் சொந்தக்காரரான மாம்பழ வியாபாரி, கார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று பானெட்டைத் திறக்கவே மறுத்தார். நீங்கள் மலை ஏறியதில்லை, அதனால் தெரியவில்லை என்றாள். எனக்கு மலையில் என்ன வேலை என்றார். கடைசியில் அவர் மனைவி வந்து திறக்கச் சொன்னாள். ஐந்தாவது கை மாறிவிட்டது. வாங்கியவர் யாரென்று விற்றவருக்கே தெரியவில்லை. பெங்களூரில் யாரோ ஒருவர். நீல நிறம், இடப்பக்கக் கதவில் ஒரு நசுங்கல், நம்பரின் கடைசி நான்கு இலக்கம்; அவளுக்குக் கிடைத்த அடையாளம் அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு மாலை. ஆஞ்சப்பனை ஷிப்ட் முடிந்து ஏற்றிக்கொண்டு ஜூஜூவாடிப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். எல்லை நெரிசல், லாரிகள், கம்பெனி பஸ்கள், கார்கள் எல்லாம் அப்படி அப்படியே நின்றன. ஆஞ்சப்பன் பின்னால் டிபன் பையை மடியில் வைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். திடீரென்று ஸ்கூட்டர் இரண்டு லாரிகளுக்கிடையில் புகுந்தது. அவன் விழித்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்பதற்குள் சுமலதா ஸ்டாண்டைக்கூடப் போடாமல் இறங்கிவிட்டாள். வண்டியை அவன் இரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு நீலக் காரின் ஜன்னல் இறங்கியது. கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். சுமலதா முதலில் குனிந்து நம்பரைப் படித்தாள். பிறகு கன்னடத்திலேயே, பயப்படாதீர்கள், போன வருடம் உங்கள் காருக்கு ஒயர் கட்டியது நான், அதில் ஒரு தப்பு பண்ணியிருக்கிறேன் என்றாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. முன்னால் நின்ற பஸ் இரண்டடி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் இடது கையைத் தூக்கிப் பின்னால் நின்ற லாரியை நிறுத்திவைத்தாள். வலது கையின் மூன்று விரல்கள் அதற்குள் பானெட் விளிம்புக்கு அடியில் நுழைந்து கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தன.